எலிக்குத் தப்பிய கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் நிறுத்தி வைத்த காருக்குள் எலி எந்த வழியாக ஏறும், எங்கே உட்காரும், எதை முதலில் கடிக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். டயரில் கால்வைத்து ஏறும். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் டயர்கூட வேண்டாம், சுவரிலிருந்தே தாவிவிடும். இன்ஜினுக்கு மேலே வெதுவெதுப்பாக ஓரிடம் இருக்கிறதே, அங்கேதான் குடித்தனம் வைக்கும். இந்தப் படிப்பை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலைந்து வருடம் எலிகளோடு மல்லுக்கு நின்று நானே படித்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி டிரைவர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். பட்டாளத்து மாப்பிள்ளை என்றதும் எங்கள் வீட்டில் ஜாதகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்தார்களா என்பது சந்தேகம்தான். "கொடுத்து வச்சவ" என்று ஊரே சொன்னது. என்னத்தைக் கொடுத்து வைத்தேனோ! வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு. போக வர ரயிலிலேயே ஒரு வாரம் கழிந்துவிடும். மிச்சத்தில் பாதி சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துக்கு, பாதி அவருடைய அண்ணனோடு வயல் பேச்சுக்கு. குடும்பத்தோடு தங்குகிற குவார்ட்டர்ஸ் இப்போது கிடைக்கும், அப்போது கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளை இல்லை. அதற்கும் ஊரில் என்னைத்தான் பேசினார்கள். வருடம் முழுக்க வடக்கே கிடக்கிற மனிதரை யார் பேசப்போகிறார்கள்?

எண்பதுகளின் நடுவில் ஒரு லீவின்போது மதுரைக்குப் போன மனிதர் பழைய அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். அவர் பென்ஷன் வாங்க இன்னும் நாலு வருடத்துக்கு மேல் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"நீங்க வடக்க இருக்கிய. இது இங்க கெடந்து யாரச் சுமக்கப் போவுது?" என்று கேட்டேன்.

அவர் காரின் தலையில் தட்டிக்கொண்டே சொன்னார். "இப்ப விட்டா இந்த மாதிரி வண்டி கெடைக்காது. பென்ஷன் வாங்கிட்டு வந்ததும் இத வில்லிபுத்தூர்ல கோயிலுக்குப் பக்கத்து ஸ்டாண்டுல போடுவேன். காலையில போறேன், பொழுது சாய வீட்டுக்கு வாரேன். பொறவு நீ என்னையத் தேடவே வேண்டாம்ட்டி."

கடைசியாகச் சொன்னாரே, அந்த வார்த்தையில் என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து அவர் எனக்கு எத்தனையோ வாங்கி வந்திருக்கிறார். கம்பளி, வளையல், ஸ்டவ். இந்த மாதிரி ஒன்றை அவர் கொடுத்ததே இல்லை.

நான் ஏன் அந்தக் காரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்பது புரிய வேண்டுமானால், எங்கள் பக்கத்துப் பென்ஷன்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். கூமாப்பட்டியிலும் வ. புதுப்பட்டியிலும் எனக்குச் சொந்தம் உண்டு. பட்டாளத்திலிருந்து ஒருவர் திரும்பி வந்தால் முதல் மாதம் கறியும் மீனுமாக வீடு மணக்கும். இரண்டாவது மாதம் டீக்கடையில் பழைய கதை பேசுவார். மூன்றாவது மாதம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு பார்த்தால் ஆள் இருக்கமாட்டார். பம்பாயிலோ பெங்களூரிலோ ஏதாவது கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கப் போயிருப்பார். பெண்டாட்டி மறுபடியும் பழையபடி மணியார்டருக்கும் தீபாவளி லீவுக்கும் காத்திருப்பாள். இங்கே செய்வதற்கு ஒரு தொழில் இருந்தால் எதற்காகப் போகப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அதனால் என் கணக்கு ரொம்பச் சின்னது. அவர் வரும்போது இந்தக் கார் ஓடினால் என் புருஷன் என்னோடு இருப்பார். ஓடாவிட்டால் போய்விடுவார்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது என்னை ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்துச் சாவி போடவும், சோக் இழுக்கவும், செல்ஃப் அடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் செய்து செத்த நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்றார். "அப்படியே ஓட்டவும் சொல்லித் தாங்களேன்" என்றேன். "அடுத்த லீவுக்குக் கத்துத் தாரேன், இப்ப நேரம் இல்ல" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட்டில் கார் நின்றது. ஷெட்டுக்கு மறுபக்கம் அவருடைய அண்ணன் வீட்டு எருமைக் கொட்டில். மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். எலிகளுக்குச் சாப்பாடு அந்தப் பக்கம், படுக்கை இந்தப் பக்கம். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் போய் ஒன்றரை மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கார் சாவியைக் கையில் எடுத்தால் எனக்கு ஏதோ மோட்டார் முதலாளியின் நடை வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். செல்ஃப் உறுமியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா, உள்ள பிரசவ வார்டு நடத்துறியளா?"

எட்டிப் பார்த்தேன். இன்ஜினுக்கு மேலே தென்னை நார், பருத்திக்கொட்டைத் தோல், கந்தல் எல்லாம் சேர்த்து அழகாக ஒரு கூடு. அதற்குள் கண் திறக்காத குஞ்சுகள் ஒரு கும்பல், ரோஸ் நிறத்தில். பக்கத்தில் வயர்களெல்லாம் கத்தரித்துக் கிடந்தன. மெக்கானிக் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டில் கட்ட வேண்டிய வீட்டில் கட்டாமல் எலி என் காருக்குள் வந்து கட்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. யார் மேல் என்றே தெரியாத ஆத்திரம். அந்தக் கூட்டை என் கையால் எடுக்க முடியவில்லை. மெக்கானிக்தான் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வயர்களையும் மாற்றினார்.

அன்றிலிருந்து எனக்கு எலி தவிர வேறு நினைப்பு இல்லை. பொறியில் தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தேன். முதல் வாரம் இரண்டு விழுந்தன, பிறகு ஒன்றும் கிட்டவே வரவில்லை. மருந்து வைத்தேன். அதைத் தின்றது நேராக இன்ஜினுக்கு அடியில் போய்ச் செத்து, பத்து நாள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. பீரோவில் போடுகிற அந்துருண்டையைத் துணியில் முடிந்து கட்டினேன். எலிகள் அதைத் தள்ளி வைத்துவிட்டு அது இருந்த இடத்தில் படுத்துக்கொண்டன. நாய் வளர்க்கச் சொன்னார்கள். எங்கள் ஊர் நாய்க்கு ஊர் உலகமெல்லாம் பேர் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டி வந்து கட்டிய அந்த மகாராசா, எலி என்பது தன் அந்தஸ்துக்குக் குறைச்சல் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்கு அடியில் நிழலுக்குப் படுத்துக்கொண்டது.

அப்போது நான் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காயத்துக்குக் கட்டுகிற துணியை அளவாக வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடுகிற வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுகிறவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், வாய் சும்மா இருக்காது. "வில்லிபுத்தூர்க்காரி வளக்குற எலிக இல்ல? பால்கோவா வச்சுப் பாரு, வரும்" என்பாள். அவள் கேலி செய்யச் செய்யத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாள் முழுக்க அடிபட்ட கைக்கும் காலுக்கும் துணி சுருட்டுகிறோமே, அந்த வயர்களுக்கும் ஒரு கட்டுப் போட்டால் என்ன?

வெளுத்த துணி மெல்லிசு, அது தாங்காது என்று நினைத்தேன். வெளுக்காத துணி விறைப்பாக, தடிப்பாக இருக்கும். அதில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வயருக்கும் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று பாதி மேலே ஏறுகிற மாதிரி, முடிவில் முடிச்சுப் போட்டு, எலி நுழைகிற சந்துகளில் பந்து பந்தாகத் திணித்து. முடித்துவிட்டுப் பார்த்தால் இன்ஜின் ஏதோ பெரிய விபத்தில் அடிபட்டுப் பிழைத்து வந்த ஆள் மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

நாலாம் நாள் துணியும் இல்லை, வயரும் இல்லை.

கம்பெனியில் போய் அழாத குறையாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, கோட்டிக்காரி! அது கஞ்சி போட்ட துணியில்ல!"

தறியில் நூல் அறுந்து போகக்கூடாது என்று பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். வேகவைத்து வெளுத்தால்தான் அது போகும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். விறைப்பாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, எதனால் விறைப்பு என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. எலிக்குச் சோற்றை வயரில் சுற்றி வைத்த ஒரே பொம்பளை ராஜபாளையத்தில் நான்தான் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஷெட்டில் நின்று அழுதேன். அடுத்த லீவுக்கு அவர் வந்து இதைப் பார்த்தால், இங்கே ஒரு தொழிலும் சரிப்படாது என்று முடிவு செய்துவிடுவாரே என்பதுதான் பயம்.

மெக்கானிக் மறுபடி புது வயர் போட்டார். அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. எருமைக் கொட்டிலுக்குப் போய் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியிடம் மூட்டைகளையெல்லாம் தெருப்பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னேன்.

"ஓடாத காருக்காக நான் மாட்டுத் தீவனத்தத் தூக்கிட்டு அலையணுமாக்கும்?" என்றாள் அவள்.

"ஒங்க புருசன் தெனம் வீட்டுக்கு வாராரு அக்கா. ஒங்களுக்கு இது ஏன் தெரியப் போவுது?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. மூட்டைகள் மாறின. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு அவள் பேசவில்லை. எனக்கு உடம்புக்கு முடியாமல் கிடந்தபோதுகூட ரசத்தைத் தன் பிள்ளையிடம்தான் கொடுத்து விட்டாள்.

எலிக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் காரைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டின் நடுவில் நிறுத்தி, பானட்டை மூடாமல் எப்போதும் தூக்கியே வைத்தேன். மழை நாளில்கூட மூடவில்லை; மேலே தகரம்தான் இருக்கிறதே. உள்ளே நாலு இடத்தில் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிட்டேன், வாடை போகப் போக மாற்றினேன். வாரம் ஒரு நாள் என்பதைத் தினம் காலை என்று ஆக்கினேன். வாசல் தெளித்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போய்க் கையால் ஒவ்வொரு வயரையும் தடவிப் பார்ப்பேன். பிறகு ஸ்டார்ட் செய்து செத்த நேரம் உட்கார்ந்திருப்பேன். கார் ஒரு அடி நகராது. அந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டால், அவர் ஓட்டுகிற மாதிரியும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வில்லிபுத்தூருக்குப் போகிற மாதிரியும் இருக்கும். அந்தப் பெட்ரோல் வாடையில்தான் நான் அந்த வருடங்களைத் தள்ளினேன்.

ஒவ்வொரு லீவிலும் அவர் வந்ததும் வராததுமாகப் பெட்டியை வைத்துவிட்டு ஷெட்டுக்குத்தான் போவார். "பலே" என்பார். என் கைவேலையைப் பார்க்கத்தானே போகிறார் என்று எனக்குப் பூரிப்பாக இருக்கும். ஆடிப்பூரத் தேருக்கு என்னைக் காரில் கூட்டிப்போவார். ஓட்டக் கற்றுக்கொடுப்பது மட்டும் அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

தொண்ணூறுகள் பிறந்த சமயம் அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், ஒரு சால்வை. மறுநாள் காலையில் கார் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. "வண்டிய எம்புட்டு நல்லா வச்சிருக்க!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பெர்மிட் வாங்கி, சொன்னபடியே காரைக் கோயில் பக்கத்து ஸ்டாண்டில் போட்டார். காலையில் போனார், பொழுது சாய வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்லமுடியாது. முதல் மாதம் நான் தரையில் நடக்கவில்லை. சாயங்காலம் கார் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

அவருக்கு அது போதவில்லை. ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் சவாரிக்குக் காத்துக் கிடப்பது ஒத்துவரவில்லை. வருகிறவன் போகிறவனெல்லாம் பேரம் பேசுவது பிடிக்கவில்லை. வீட்டிலும் விடியுமுன்னே எழுந்து, சவரம் செய்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நிற்பார். என்னோடு பேச உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். நாங்கள் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததே இல்லையே. எனக்கு எதில் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியாது. அவர் எதற்காகப் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போன மனிதர். வீடு என்றால் அவருக்கு லீவுக்கு வருகிற இடம். இரண்டு மாதம் தாண்டியதும், புறப்படு என்று அவர் உடம்பே அவரிடம் சொல்லியிருக்கிறது.

ஒரு நாள் என்னை வில்லிபுத்தூரில் அம்மா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"பட்டாளத்துக் கூட்டாளி ஒருத்தன் சொல்லி விட்டிருக்கான். வடக்க ஒரு கம்பெனியில டிரைவர் வேலை. தங்க எடமும் குடுக்கானுவ. போகலாம்னு இருக்கேன்."

"நானும் வாரேன்" என்றேன்.

"அங்க ஆம்பளைக மட்டும் தங்குற எடம்."

"அப்ப நான்?"

"ஒனக்கென்ன? நான் இல்லாம இருக்க ஒனக்குப் பழக்கந்தான."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் அந்தக் கார் வழியில் எங்கேயும் ஒரு இருமல்கூட இருமவில்லை.

காரை விற்கப்போவதாகச் சொன்ன அந்த வாரமே கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். நெல்லும் தென்னையுமாக வசதியான சம்சாரி. பானட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார்.

"சும்மா கெடந்த வண்டினு சொன்னிய. ஒரு எலிக்கடிகூட இல்லையே!"

"எல்லாம் எங்க வீட்டுல பாத்துக்கிட்டது" என்று என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். முகமெல்லாம் பெருமை. "இவ இப்படி வச்சிருந்ததாலதான் வந்த மொத ஆளே புடிச்சிக்கிட்டாரு" என்று என்னிடமும் சொன்னார்.

பொறியும் புகையிலையுமாக, பேச்சுவார்த்தை இல்லாமல் போன ஓரகத்தியுமாக, அத்தனை வருடம் நான் பாடுபட்டது அவரை வீட்டில் நிறுத்துவதற்கு. அவர் சீக்கிரமாகக் கிளம்பிப் போவதற்குத்தான் அது உதவியிருக்கிறது. ஒரு நாலு வயரையாவது தின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா இந்த எலிகள் என்று நினைத்தேன். அதை ரிப்பேர் பார்க்கிற சாக்கில் இன்னும் ஒரு மாதம் இருந்திருப்பார்.

வாங்கியவர் என்னிடம் கேட்டார். "எப்படித்தா எலி வராம வச்சிருந்த? எனக்கும் சொல்லேன். எங்க வீட்ட ஒட்டி நெல்லுக் குதிரு இருக்கு."

சொன்னேன். சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், பானட்டை மூடாதீர்கள், புகையிலைக் காம்பு கட்டுங்கள், தினம் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கஞ்சித் துணியைச் சுற்றிவிடாதீர்கள் என்றதும் அவர் சிரித்தார். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கதை தெரியாது. நான் சொன்னதே இல்லை. அவர் என்ன ஏது என்று கேட்கவும் இல்லை, பெட்டி கட்டுகிற நினைப்பில் இருந்தார்.

வந்தவர் உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஒரே செல்ஃப். கார் பின்பக்கமாக ஷெட்டை விட்டு இறங்கித் தெருவில் திரும்பிப் போய்விட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்து, தெரு பார்க்கிறது என்றுகூட இல்லாமல் வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். என் தோளில் கை வைத்தார். பகலில், நாலு பேர் பார்க்க, அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஏ கழுத, ஒரு காருக்குப் போயி இப்படி அழுவாங்களா?" என்றார். "அடுத்த லீவுக்கு வரும்போது இதவிட நல்லதா ஒண்ணு வாங்கித் தாரேன்."